மனச்சோர்வுக்கு ஓர் உருவம்: அனிமேஷன் குறும்படங்கள் காட்டும் வழி

கால் முறிந்த ஒருவரைப் படமெடுப்பது லேசான காரியம். கட்டுப்போட்ட காலைக் காட்டினால் போதும், பார்ப்பவருக்கு எல்லாம் விளங்கிவிடும். காய்ச்சல்காரர் என்றால் நெற்றியில் ஓர் ஈரத்துணி. மனச்சோர்வைப் படமெடுக்கப் போனால்தான் கமரா திண்டாடுகிறது. ஒரு மனிதர் கட்டிலில் படுத்திருக்கிறார். காலை பத்து மணியாகியும் எழும்பவில்லை. கமராவுக்குத் தெரிவது அவ்வளவுதான். வீட்டிலுள்ளவர்கள் காண்பதும் அதே காட்சிதான். கண்டுவிட்டு, "சோம்பல் புடிச்சவன்" என்பார்கள். கொஞ்சம் இரக்கமுள்ளவர்கள் "கண்ணூறு பட்டிரிக்கி" என்பார்கள். இன்னும் சிலர் "ஈமான் கொறஞ்சு போச்சு" என்று முடித்துவிடுவார்கள். உள்ளே என்ன நடக்கிறது என்பது கமராவுக்கும் தெரியாது, வீட்டாருக்கும் தெரியாது.

அந்த உள்ளேயுள்ளதை வெளியே எடுத்துக் காட்ட, கடந்த இருபது இருபத்தைந்து வருடங்களில் அனிமேஷன் குறும்படங்கள் சில வழிகளைக் கண்டுபிடித்திருக்கின்றன. நான் திரும்பத் திரும்பப் பார்த்த சில படங்களை வைத்து அந்த வழிகளை இங்கு விளக்க முயல்கிறேன். இது திரைப்பட ரசனைக்காக மட்டும் எழுதுவதல்ல. ஒரு நோயை எந்த உருவத்தில் மனசில் வைத்திருக்கிறோமோ, அதற்குத் தக்கபடிதான் நோயாளியையும் நடத்துகிறோம். சோம்பல் என்று நினைத்தால் ஏசுவோம். ஜின் என்று நினைத்தால் ஓதிப் பார்ப்பவரிடம் கூட்டிப்போவோம். நோய் என்று விளங்கினால்தான் வைத்தியரிடம் போவோம்.

முதலில் சொல்லைப் பற்றி

நமது பேச்சில் 'மன அழுத்தம்' என்ற சொல் எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. சோதனை நெருங்கினாலும் மன அழுத்தம், கடன்காரன் வாசலுக்கு வந்தாலும் மன அழுத்தம். அவை நெருக்கடிகள். நெருக்கடி நீங்கினால் பெரும்பாலும் மனசும் சீராகிவிடும். மனச்சோர்வு அப்படியல்ல. வைத்தியர்கள் பார்ப்பது இவற்றை: நாளின் பெரும்பகுதியும் மனம் இருண்டு கிடப்பது அல்லது எதிலும் நாட்டமில்லாமல் போவது, அத்துடன் தூக்கம் கெடுவது, பசி மாறுவது, உடம்பு அசதியாவது, யோசனை ஓரிடத்தில் நிற்காதது, 'நான் எதுக்கும் லாயக்கில்ல' என்ற எண்ணம், சாவைப் பற்றிய நினைவு. இவற்றில் பல ஒன்றுசேர்ந்து இரண்டு கிழமைக்குக் குறையாமல் நீடித்து, அன்றாட வேலைகளைக் குலைத்தால் அது நோய்.

இதில் கவனிக்கவேண்டியது, அழுகை கட்டாயமில்லை என்பது. எனது சாச்சாவின் மகன் ஒருவருக்கு இந்த வருத்தம் வந்தபோது அவர் ஒரு நாளும் அழுததை நாங்கள் காணவில்லை. கடையைத் திறப்பார், முன்னால் உட்கார்ந்திருப்பார், சாமான் கேட்டு வந்தவருக்குப் பதில் சொல்ல அரை நிமிடம் எடுப்பார். பிறகு கடை திறப்பதும் நின்றது. "எனக்குக் கவலையொண்டும் இல்ல, ஒண்டுமே இல்ல" என்றார் ஒருநாள். அந்த 'ஒண்டுமே இல்ல' என்பதுதான் நோயின் நடுப்பகுதி. அதைத்தான் சினிமா தவறவிடுகிறது. நடிகர் ஒருவரைப் போட்டு மனச்சோர்வைக் காட்டச் சொன்னால் அவர் கண்ணீர் விடுவார். ஏனென்றால் வெறுமையை முகத்தில் நடித்துக்காட்டினால், நடிப்பு வரவில்லை என்று பார்ப்பவர் சொல்லிவிடுவார்.

2015இல் வந்த 'இன்சைட் அவுட்' முழுநீளப் படம்தான், குறும்படமல்ல. ஆனால் இந்த வேறுபாட்டை அது தெளிவாகக் காட்டியது. அதில் ஒரு சிறுமியின் தலைக்குள் மகிழ்ச்சி, கவலை, கோபம், பயம், அருவருப்பு ஆகியவை பாத்திரங்களாக இருந்து ஒரு விசைப்பலகையை இயக்குகின்றன. கவலை அதில் நீல நிறப் பெண். படத்தின் மோசமான கட்டத்தில் அந்தப் பலகை நீலமாக மாறுவதில்லை. சாம்பல் நிறமாகிச் செத்துப்போகிறது. யார் அமுக்கினாலும் வேலை செய்யவில்லை. கவலை என்பது ஓர் உணர்ச்சி. மனச்சோர்வோ உணர்ச்சிகள் ஓடும் வழியே அடைபட்டுப் போவது. இதைவிட எளிதாக இதைச் சொன்ன படத்தை நான் காணவில்லை. பிள்ளைகளுக்கான படம் அது என்பதும் குறிப்பிடத்தக்கது.

ஏன் அனிமேஷன்?

சினிமாவில் ஒரு செக்கனுக்கு 24 சட்டகங்கள் ஓடுகின்றன. கையால் வரையும் அனிமேஷனில் பெரும்பாலும் ஒரு சித்திரத்தை இரண்டு சட்டகங்களுக்கு நிறுத்துவார்கள். அப்படியானால் செக்கனுக்கு 12 சித்திரங்கள். இவ்வளவு சிரமப்பட்டு வரைவதால் ஒரு நன்மை உண்டு. கமரா ஓர் அறையைப் படம்பிடித்தால் சுவர்க் கடிகாரம், கலண்டர், மூலையில் கிடக்கும் செருப்பு எல்லாம் தானாக வந்து விழும். அனிமேஷனில் எதுவும் தானாக வராது. ஒரு கோப்பை மேசையில் இருந்தால், அது இருக்கவேண்டும் என்று ஒருவர் தீர்மானித்திருக்கிறார். அதேபோல் எடுத்துவிடவும் முடியும். நிறத்தை எடுக்கலாம், சுவரை எடுக்கலாம், சுற்றியிருப்பவர்களின் முகங்களை எடுக்கலாம். மனச்சோர்வில் இருப்பவருக்கு உலகம் தெரியும் விதம் அதுதானே.

இரண்டாவது, பேச்சில் உவமையாக இருப்பது படத்தில் பொருளாகவே வந்துவிடும். "நெஞ்சில கல்லத் தூக்கி வச்ச மாதிரி" என்று ஒருவர் சொன்னால் நாம் தலையாட்டிவிட்டுப் போய்விடுவோம். அனிமேஷனில் அந்தக் கல்லை உண்மையாகவே நெஞ்சில் வைத்து, அவரைச் சாப்பாட்டுக்கு உட்காரவைத்து, சுற்றியிருப்பவர்கள் ஒன்றும் காணாதது போல் கறியைப் பரிமாறலாம். பார்ப்பவர் அந்த ஒரு காட்சியிலேயே நோயையும் தனிமையையும் சேர்த்துக் காண்கிறார்.

மூன்றாவது, மறைப்பு. பிரித்தானியாவில் 2003இல் 'அனிமேட்டட் மைண்ட்ஸ்' என்ற குறும்பட வரிசை வந்தது. அதை உருவாக்கியவர் உளவியல் சிகிச்சைத் துறையிலிருந்து படத்துறைக்கு வந்த அண்டி கிளின். மனநோயால் பாதிக்கப்பட்டவர்களின் சொந்தக் குரலை ஒலிப்பதிவு செய்து, அதன்மேல் சித்திரங்களை ஓடவிட்டார்கள். குரல் உண்மை, முகம் சித்திரம். நம்மட ஊர்களுக்கு இதன் பெறுமதி சொல்லித் தெரியவேண்டியதில்லை. "இன்னார்ர மகளுக்கு மண்டையில என்னமோ" என்று ஒரு வார்த்தை வெளியில் போனால் தங்கச்சிமாரின் கலியாணப் பேச்சும் நின்றுபோகும் என்று பயப்படுகிற சமூகம் இது. முகம் காட்டாமல் பேசலாம் என்றால் பேசுவதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்.

நாலு நிமிடத்தில் ஒரு நாய்

இந்த வகையில் உலகம் முழுவதும் அறியப்பட்ட குறும்படம், உலக சுகாதார ஸ்தாபனம் 2012இல் உலக மனநல தினத்தையொட்டி வெளியிட்ட கறுப்பு நாய்க் கதைதான். மெத்யூ ஜோன்ஸ்டன் என்ற எழுத்தாளர் தனது சொந்த அனுபவத்தை வைத்து எழுதி வரைந்து 2005இல் அவுஸ்திரேலியாவில் வெளியிட்ட சிறிய சித்திரப் புத்தகத்தின் அசைவூட்டம் அது. ஓடும் நேரம் நாலு நிமிடம் சொச்சம். மனச்சோர்வைக் கறுப்பு நாய் என்பது ஆங்கிலத்தில் பழைய வழக்கு. பதினெட்டாம் நூற்றாண்டில் அகராதி தொகுத்த சாமுவெல் ஜோன்சன் தன் கடிதங்களில் அப்படி எழுதியிருக்கிறார். பிற்காலத்தில் வின்ஸ்டன் சேர்ச்சிலால் அது பரவலானது. ஜோன்ஸ்டன் செய்தது, அந்தப் பழைய உவமையை ஒரு முழு நாயாக வளர்த்தது.

கதையில் ஒரு மனிதன், அவனுடன் ஒரு பெரிய கறுப்பு நாய். சொல்லாமல் கொள்ளாமல் வருகிறது. அவனது பசியைக் கெடுக்கிறது. ஞாபகத்தைக் கடித்துக் குதறுகிறது. நாலு பேர் கூடுமிடத்தில் அவனது தன்னம்பிக்கையை மோப்பம் பிடித்து விரட்டுகிறது. அன்பை எடுத்துப்போய் எலும்பைப் போலப் புதைக்கிறது. இரவில் எழுப்பிக் கெட்ட யோசனைகளை மீட்டுகிறது. வருடங்கள் போகப்போக நாய் பெருத்துக்கொண்டே போகிறது. மனிதனோ நாய் இருப்பதையே பிறருக்கு மறைத்துச் சிரித்துக்கொண்டு திரிகிறான். அப்படி மறைப்பதற்கே அவனது பலமெல்லாம் செலவாகிறது.

இந்தப் படம் ஏன் இவ்வளவு நன்றாகப் போய்ச் சேர்ந்தது என்று யோசித்துப் பார்த்தேன். நாய் செய்கிற ஒவ்வொரு காரியமும் நாய்கள் உண்மையில் செய்கிறவைதான். கடிக்கும், மோப்பம் பிடிக்கும், புதைக்கும், இரவில் குரைக்கும். அந்த ஒவ்வொன்றும் நோயின் ஒவ்வோர் அறிகுறியின்மேல் சரியாகப் போய் உட்காருகிறது. வைத்தியர் ஒரு தாளில் எழுதித்தரும் பட்டியலை ஒருவரும் ஞாபகம் வைப்பதில்லை. நாயை ஒருமுறை பார்த்தவர் மறப்பதில்லை.

இன்னொன்று, நாய் வேறு, மனிதன் வேறு. "அவன்ட குணமே அப்படித்தான்" என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. குணத்தை என்ன செய்வது? நாயை ஏதாவது செய்யலாம். படத்தின் பின்பகுதியில் அவன் வைத்திய உதவி கேட்கிறான், நெருங்கியவர்களிடம் உண்மையைச் சொல்கிறான், உடற்பயிற்சி செய்கிறான், மனசை அமைதிப்படுத்தப் பழகுகிறான். மருந்து சிலருக்கு உதவும், சிலருக்கு வேறு வழி வேண்டும் என்றும் படம் சொல்கிறது. ஒரே குளிசையில் எல்லாம் சரியாகும் என்று வாக்குக் கொடுக்கவில்லை. நாய் சாவதும் இல்லை. சின்னதாகி, சொல்வழி கேட்கத் தொடங்குகிறது. மனச்சோர்வு பலருக்குத் திரும்ப வரக்கூடிய நோய் என்பதால் இந்த முடிவு நேர்மையானது. 'பூரண சுகம்' என்று படத்தை முடித்திருந்தால், மறுபடி நோய் வந்தவர் தன்னையே குற்றம்பிடித்திருப்பார்.

பின்னர், நோயாளியைப் பராமரிப்பவர்களுக்காகவும் அதே நாயை வைத்து ஒரு படம் வந்தது. துணைவர், பெற்றார், நண்பர் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பது அதன் பேச்சு. இரண்டையும் அடுத்தடுத்துப் பார்ப்பது நல்லது.

நம்மட வீட்டுக்கு நாய் சரிவருமா?

இந்தப் படத்தை எங்கள் ஊர் வாசகர் வட்டத்தில் ஒருநாள் மடிகணினியில் போட்டுக் காட்டினேன். பதினைந்து பேரளவில் இருந்தோம். முடிந்ததும் ஒரு சகோதரி கேட்டார், "நாய் வீட்டுக்குள்ள இருந்தா மலக்குமார் வரமாட்டாங்களே, இவர் கட்டில்லயும் படுக்க வெச்சிக்கிறாரே?" எல்லோரும் சிரித்தோம். ஆனால் அது சிரித்துவிட்டுப் போகிற கேள்வியல்ல. அந்தப் படத்தைச் செய்தவர்களின் நாட்டில் நாய் வீட்டுப் பிராணி. அது வீட்டுக்குள் இருப்பது இயல்பு. பெருத்துப்போய்க் கட்டுக்கடங்காமல் போவதுதான் சிக்கல். நமக்கோ நாய் வாசலைத் தாண்டினாலே சிக்கல். பட்ட இடத்தைக் கழுவவேண்டும். ஆக, அந்த நாட்டவர் 'கைமீறிப்போன ஒன்று' என்று வாசிக்கிற உருவத்தை நம்மவர் 'அசுத்தமான ஒன்று' என்று வாசிக்கக்கூடும்.

மனச்சோர்வில் இருப்பவர் ஏற்கெனவே தன்னைத் தகுதியற்றவராக நினைப்பவர். 'இந்த நிலைமையில தொழப்போறதுக்கு என்ன மூஞ்சி இரிக்கி' என்று தொழுகைப் பாயிலிருந்து தள்ளி நிற்பவர்களும் உண்டு. அவர்களுக்கு, 'உனக்குள் ஒரு நாய் இருக்கிறது' என்ற சித்திரம் மருந்தாகுமா, மேலும் ஒரு பாரமாகுமா?

அதற்காக, நாய் நமது மரபில் முற்றாக விலக்கப்பட்டது என்றும் சொல்லமுடியாது. குகைவாசிகளின் வாசலில் முன்கால்களை நீட்டிப் படுத்திருந்த நாயைக் குர்ஆன் குறிப்பிடுகிறது. தாகித்த நாய்க்குத் தண்ணீர் கொடுத்தவர் மன்னிப்புப் பெற்றதாக ஹதீஸ் உண்டு. அந்தக் கூட்டத்தில் மௌலவி ஒருவர் இவற்றை ஞாபகப்படுத்தியபோது பலருக்கும் மனம் இளகியது. என்றாலும் என்னை அதிகம் யோசிக்கவைத்தது வேறொரு பேச்சு. பின்வரிசையில் இருந்த வயதான உம்மா ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "நாயெண்டா வெளியில கட்டிப்போடலாம் மகன். என்ட புள்ளைக்கு வந்தது மூட்ட. எறக்கி வெக்க எடமில்லாமச் சொமந்துக்கிட்டுத் திரிஞ்சான். நாங்க, 'என்னத்துக்குக் கூனிக்கிட்டு நடக்காய், நிமிந்து நட' எண்டு ஏசினம்."

ஒரு குறும்படத்துக்கு வேண்டிய அனைத்தும் அந்த மூன்று வரியில் இருக்கிறது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாத மூட்டை, கூனிய முதுகு, நிமிர்ந்து நடக்கச் சொல்லும் வீடு. உருவத்தைப் புத்தகங்களில் தேடவேண்டியதில்லை. நோயைச் சுமந்தவரும் அவருடன் இருந்தவரும் பேசும்போது கூர்ந்து கேட்டால் போதும்.

உடம்பையே மாற்றி வரைதல்

நாயைப் போல வெளியே ஒரு பொருளை வைப்பது ஒரு வழி. மனித உடம்பையே மாற்றி வரைவது இன்னொரு வழி. அதற்குச் சிறந்த உதாரணம் கனடாவின் தேசியத் திரைப்பட சபையில் கிறிஸ் லான்ட்ரெத் இயக்கிய 'ரயன்'. 2004இல் வெளிவந்த இந்தப் பதினாலு நிமிடப் படம் மறுவருடம் சிறந்த அனிமேஷன் குறும்படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. ரயன் லார்கின் அறுபதுகளின் இறுதியில் தனது சித்திரப் படங்களால் பெயர்பெற்றவர். பிற்காலத்தில் குடிக்கும் போதைப்பொருளுக்கும் ஆட்பட்டு, மொன்றியல் வீதியில் சில்லறை கேட்டு நின்றார். லான்ட்ரெத் அவரைச் சந்தித்து உரையாடி, அந்தக் குரல்பதிவின்மேல் கணினியில் உருவங்களை அமைத்தார். அதில் ரயனின் தலையில் பாதி இல்லை. உடைந்த முட்டைக் கோது போல ஒரு பக்கம் கரைந்துபோய், எஞ்சிய இழைகளில் முகம் தொங்குகிறது. பேட்டி எடுப்பவரின் முகத்திலும் காயங்கள், சிதைவுகள். உள்ளே உள்ள சேதம் எவ்வளவோ அவ்வளவு வெளியே தெரியவேண்டும் என்பது இயக்குநரின் கொள்கை.

இது தனியே மனச்சோர்வைப் பற்றிய படமல்ல. அடிமைப் பழக்கமும் உடைந்துபோன கலைவாழ்வும் அதில் உண்டு. நான் இதை எடுத்துக்கொண்டது ஒரு காரணத்துக்காக. பேட்டி எடுப்பவர் தன்னை முழுமையானவராகவும் எதிரே இருப்பவரைச் சிதைந்தவராகவும் காட்டவில்லை. 'பைத்தியம்', 'நோமல்' என்று நாம் போடும் கோட்டை அந்த ஒரு தீர்மானம் அழித்துவிடுகிறது.

மூன்றாவது வழி பிரான்ஸைச் சேர்ந்த ஜெரமி கிளாப்பனின் 'ஸ்கிட்ஸேன்' படத்தில் இருக்கிறது. 2008இல் வந்தது, பதின்மூன்று நிமிடமளவு. ஹென்றி என்பவரை 150 தொன் எடையுள்ள ஒரு விண்கல் தாக்குகிறது. அதன்பிறகு அவர் தான் இருக்கவேண்டிய இடத்திலிருந்து சரியாக 91 சென்ரிமீற்றர் தள்ளி இருக்கிறார். தொலைபேசியை எடுக்கவேண்டுமானால் அதிலிருந்து 91 சென்ரிமீற்றர் தள்ளிக் கையை நீட்டவேண்டும். வீட்டில் சோக்கட்டியால் கோடுகள் கீறி, எங்கே நின்றால் எது கைக்கு எட்டும் என்று அளந்து வாழ்கிறார். இதுவும் மனச்சோர்வின் கதையல்ல, தன்னிலிருந்தே விலகிப்போகும் வேறொரு மனநிலை. ஆனால் "எல்லாரும் இரிக்காங்க, நானும் இரிக்கன், ஆனா நான் அங்க இல்ல" என்று சொல்லும் மனச்சோர்வு நோயாளிகளுக்கும் அந்த 91 சென்ரிமீற்றர் பொருந்தும். அழுகை இல்லை, இருட்டு இல்லை. ஒரு சின்ன அளவுப் பிசகு மட்டும்தான். ஒரு தேநீர்க் கோப்பையை எடுப்பதற்கு அவர் படும்பாட்டைப் பார்த்தால், படுக்கையை விட்டு எழும்புவது சிலருக்கு ஏன் பெரும் போராட்டம் என்பது விளங்கும்.

துக்கம் வேறு, மனச்சோர்வு வேறு

2020இல் வெளியாகி 2021இல் ஒஸ்கார் பெற்ற பன்னிரண்டு நிமிடப் படம் ஒன்று உண்டு. வில் மக்கோர்மக், மைக்கல் கோவியர் இருவரும் இயக்கினார்கள். பாடசாலைத் துப்பாக்கிச் சூட்டில் மகளை இழந்த தாயும் தகப்பனும் ஒரே வீட்டில் பேச்சின்றி வாழ்கிறார்கள். சாப்பாட்டு மேசையின் இரு முனைகளில் இருவர். அவர்களின் நிழல்கள் மட்டும் எழும்பிச் சண்டைபிடிக்கின்றன, அழுகின்றன, பிறகு இருவரையும் ஒன்றுசேர்க்கப் பாடுபடுகின்றன. படம் முழுக்கச் சாம்பலும் கறுப்பும். அங்கங்கே மகளை ஞாபகப்படுத்தும் இடத்தில் மட்டும் கொஞ்சம் நீலம். ஒருவரும் வாய் திறந்து பேசுவதில்லை.

பலர் இதையும் மனச்சோர்வுப் படம் என்று சொல்வார்கள். என் பார்வையில் இது துக்கத்தின் படம். துக்கத்துக்குக் காரணம் உண்டு. யாரை இழந்தோம் என்று சொல்லலாம். யூசுப் நபியைப் பிரிந்த யஃகூப் நபியின் கண்கள் கவலையால் வெளுத்துப்போயின என்பதை நாம் அறிவோம். அதை ஒருவரும் ஈமான் குறைவு என்று சொன்னதில்லை. இந்த வேறுபாடு நமது அறிஞர்களுக்குப் புதிதுமல்ல. ஏறத்தாழ 1100 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த அபூ ஸைத் அல்பல்கி (850–934) உடல்நலத்தையும் உளநலத்தையும் பற்றி எழுதிய நூலில் கவலையை இரண்டாகப் பிரித்திருக்கிறார்: காரணம் தெரிந்த கவலை, காரணம் தெரியாத கவலை. முதலாவதற்குப் பேச்சும் சிந்தனையும் மருந்து. இரண்டாவது உடம்பிலிருந்து எழுவது, அதற்கு உடம்புக்கான வைத்தியமும் வேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. இந்நூலின் உளநலப் பகுதியை மாலிக் பத்ரி ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 2013இல் வெளியிட்டார்.

மையத்து வீட்டுக்கு ஊரே வருகிறது. சோறாக்கிக் கொண்டுவருகிறார்கள், கூட இருக்கிறார்கள். மனச்சோர்வு வந்த வீட்டுக்கு ஒருவரும் வருவதில்லை, ஏனென்றால் அங்கே மையத்து இல்லை. 1990இல் வடக்கை விட்டு விரட்டப்பட்டவர்களின் துக்கத்தையும் 2004 சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களின் துக்கத்தையும் நமது கதைகளும் கவிதைகளும் நிறையவே எழுதியிருக்கின்றன. துக்கம் சிலரிடம் நாளடைவில் நோயாக மாறியதையும், ஓர் இழப்பும் இல்லாமலே நோய் வந்ததையும் அந்த அளவுக்கு எழுதவில்லை.

படங்கள் வழுக்கும் இடங்கள்

இந்த விடயத்தில் வரும் படங்களைப் பார்த்துப் பார்த்து எனக்குச் சில குறைகள் பழகிப்போய்விட்டன. மழை, ஜன்னல், பியானோ இசை. இது மனச்சோர்வை அழகாக்கிவிடுகிறது. உள்ளேயிருந்து பார்த்தால் அதில் அழகு ஒன்றுமில்லை. குளிக்காத தலை, கழுவாத கோப்பை, பதில் எழுதாத குறுஞ்செய்திகள், இவ்வளவுதான்.

அடுத்தது, ஒரு நண்பர் வந்து கட்டிப்பிடித்ததும் நிறங்கள் திரும்பிவரும் முடிவு. நண்பர் வேண்டும்தான். ஆனால் கட்டிப்பிடித்தும் நிறம் திரும்பாத ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்தால், 'எனக்குத்தான் ஒண்டும் சரிவராது' என்று முடிவுகட்டிவிடுவார்.

மூன்றாவதுதான் ஆபத்தானது. தற்கொலையைக் காட்சியாக்குவது, அல்லது அதை விடுதலையாகக் காட்டுவது. திரைப்படம் எடுப்பவர்களுக்கென்றே உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் ஒரு வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. செய்யும் முறையைக் காட்டவேண்டாம், ஒரேயொரு காரணத்தை வைத்து விளக்கவேண்டாம், உதவி கிடைத்து மீண்டவர்களைக் காட்டுங்கள் என்பது அதன் சாரம். இலங்கையில் 1995இல் இலட்சம் பேருக்கு 47 பேர் என்ற அளவில் தற்கொலை நிகழ்ந்தது. அக்காலத்தில் உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. கொடிய பூச்சிநாசினிகளைத் தடைசெய்த பிறகு அது பெருமளவு குறைந்தது. கைக்கெட்டும் தூரத்தில் நஞ்சு இல்லாவிட்டால் பல உயிர்கள் அந்த ஒரு மணித்தியாலத்தைத் தாண்டிவிடுகின்றன என்பதே அதன் பாடம். முறையைக் காட்டும் படம் அந்த நஞ்சை மறுபடி கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து வைக்கிறது.

நம்மவர் ஒருவர் எடுப்பதானால்

இப்போது கைத்தொலைபேசியிலேயே சித்திரங்களை ஒவ்வொன்றாகப் படமெடுத்துக் கோத்து ஓடவிடும் வசதி உண்டு. செக்கனுக்கு 12 சித்திரம் என்றால் இரண்டு நிமிடப் படத்துக்கு 1440 சித்திரங்கள். பயந்துவிடவேண்டாம். இந்த விடயத்துக்கு அவ்வளவு தேவையில்லை. மனச்சோர்வு அசையாமை சம்பந்தப்பட்டது. ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கும் ஒரே சித்திரத்தைப் பத்து செக்கன் நிறுத்திவைத்து, மேலே மின்விசிறியை மட்டும் சுற்றவிடலாம். தேத்தண்ணியில் ஆடை படிவதை மட்டும் வரையலாம். வசதியில்லாதவரின் குறைந்த சித்திரங்களே இங்கே பொருத்தமான மொழியாகிவிடும்.

ஒலியையும் கவனிக்கவேண்டும். குசினியில் சட்டி முட்டும் சத்தம், பிள்ளைகள் ஓதும் சத்தம், ரோட்டில் போகும் பாண்காரனின் பாட்டு, எல்லாம் தண்ணீருக்குள்ளிருந்து கேட்பதுபோல் மங்கலாக வரட்டும். பாங்கு கேட்கும் இடத்தில் மிகுந்த கவனம் வேண்டும். அதைக் குற்றம்சாட்டும் குரலாக்கிவிடக் கூடாது. பாங்கைக் கேட்டு எழும்ப நினைத்தும் எழும்ப முடியாமல் ஒருவர் தத்தளிப்பதைக் காட்டினால், அவரிடம் ஈமான் இருக்கிறது, பலம்தான் இல்லை என்பது பார்ப்பவருக்கு விளங்கும். ஒரு வார்த்தை வசனம் தேவைப்படாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், நோயை அனுபவித்த ஒருவரிடமாவது கதையைக் காட்டிக் கேளுங்கள். முடிந்தால் மனநல வைத்தியர் ஒருவரிடமும் காட்டுங்கள். முடிவைப் பெரிதாக்கவேண்டாம். கதாபாத்திரம் எழும்பி வந்து ஆறிப்போன தேத்தண்ணியை அரைக் கோப்பை குடித்தால் அதுவே போதுமான முடிவு. கடைசிச் சட்டகத்தில் 1926 என்ற இலக்கத்தைப் போடுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் தொலைபேசி உதவிச் சேவை, இருபத்தி நாலு மணித்தியாலமும் இயங்குவது. படத்தைப் பார்த்து முடித்த ஒருவர் தனியே அறையில் இருக்கக்கூடும். அடுத்து என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவேண்டும்.